பற்றாத ராக்கெட்

பொத்தானை அமுக்கியும் ராக்கெட் மோட்டார் பற்றவில்லை. வின்சி மறுபடி அமுக்கினாள். ஒரு புகைகூட இல்லை.

புதுவயலில் அப்பா பிலவேந்திரனின் அரிசி ஆலை. அதன் களத்து ஓரத்தில், மூட்டை எடை போடும் மின்தராசின் மேல், மோட்டாரின் எஃகுக் குழாய் வாய் மேலே பார்க்க நின்றது. எரிந்தால் நெருப்பு வானத்துக்குப் போகும், குழாய் தராசைக் கீழே அழுத்தும். எவ்வளவு அழுத்துகிறதோ அதுதான் உந்துவிசை. வான்பொறியியல் இறுதியாண்டு ஆய்வுக்கு அந்த ஓர் எண்தான் பாக்கி. கல்லூரியில் அனுமதி கிடைத்துவிட்டது. அப்பாவிடம் வாங்குவதற்குள்தான் தாவு தீர்ந்தது. ஆட்கள் சாப்பிடப் போகும் வேளையில் மட்டும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

பற்றாத மோட்டார், பற்றியதைவிடப் பொல்லாதது. உள்ளே எங்காவது ஒரு பொறி கனன்றுகொண்டிருக்கலாம். அதற்குத் தோன்றும்போது பிடிக்கும்; வாய் அடைத்துக்கொண்டால் குழாயே சிதறும். அரை மணி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது என்பது விதி. எல்லாரும் அதை மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுகிற விதி.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, அப்போது பார்த்துச் சாக்கோட்டைப் பக்கம் வானம் கறுத்தது. களம் முழுக்க அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. களத்து ஆட்களுக்குத் தலைவியான சிட்டாள் சோற்றுக் கையோடு ஓடி வந்தாள். பின்னாலேயே மற்ற பெண்கள், தார்ப்பாயும் பலகையுமாக.

வின்சி கைகளை விரித்துக் குறுக்கே நின்றாள்.

"யாரும் இறங்காதீக! அது வெடிச்சாலும் வெடிச்சிரும்."

"மழ வந்திருச்சு பாப்பா. நெல்லக் கூட்ட வேணாமா?"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே அலுவலகத்திலிருந்து வந்தார். "என்னத்தா வேடிக்க பாக்குறீக? இறங்குங்க!"

"அரை மணி நேரம் பொறுங்கப்பா."

"அரை மணியில நெல்லு ஊறிப் போயிரும். பத்தாத சாமான் என்னத்த வெடிக்கும்?"

"வெடிக்கும்னு நான் சொல்லலப்பா. வெடிக்காதுன்னு எனக்குத் தெரியாது."

அவர் அவள் கையைத் தட்டிவிட்டுத் தானே இறங்கப் போனார். வின்சி பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கல்யாண வயதுப் பெண், இத்தனை பேர் முன்னால், கடைத்தெருவில் அடம்பிடிக்கும் பிள்ளையைப் போல விட மறுத்தாள்.

சிட்டாள் பலகையைக் கீழே போட்டாள். "கோவிச்சுக்கிறாதீக மொதலாளி. பெத்த தகப்பனையே விட மாட்டேங்குது. நாங்க எப்பிடி இறங்குறது?" என்று சொல்லிவிட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் போனார்கள். தனி ஆளாக இறங்கிப் பயனில்லை என்று அப்பாவும் நின்றுவிட்டார்.

மழை அடித்து ஊற்றியது. நெல் கண்ணெதிரே ஊறி, கரை தாண்டி வாய்க்காலுக்கு ஓடியது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வின்சிக்குத் தைரியமில்லை. வெடித்துத் தொலையேன் என்று மோட்டாரைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினாள். ஒரே ஒரு சத்தம் போதும், தலை நிமிர்ந்து நிற்கலாம். அப்படி நினைத்த மறுகணம் அவளுக்கே உடம்பு கூசியது. வெடிக்கக் கூடாதென்று மறித்தவள் வெடிக்கச் சொல்லி வேண்டுவதா?

அது வெடிக்கவில்லை.

அரை மணி கழிந்ததும் அவள் மட்டும் போய், பற்றவைக்கும் கம்பியை உருவினாள். முறுக்கிய இடத்திலேயே அறுந்திருந்தது. மின்சாரம் உள்ளே போகவே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி திரும்பி வந்தாள்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

சமாளிக்க நூறு வார்த்தை இருந்தது. எதைச் சொன்னாலும் அவர் நம்பியிருப்பார்.

"கம்பி அறுந்திருக்குப்பா. இது வெடிக்கவே வெடிச்சிருக்காது."

"அப்ப எந் நெல்லு?"

"உருவிப் பாக்காம அது தெரியாதுப்பா. நாளைக்கும் இப்பிடி ஆனா மறிக்கத்தான் செய்வேன்."

அப்பா கொட்டகைப் பக்கம் திரும்பி, "மிச்சத்தையாவது அள்ளுங்கத்தா!" என்று கத்தினார்.

பெண்கள் எழுந்து வந்து களத்து விளிம்பில் நின்றார்கள். சிட்டாள் முதலாளியைப் பார்க்கவே இல்லை.

"இறங்கலாமா பாப்பா?" என்று வின்சியிடம் கேட்டாள்.

வின்சி தலையசைத்த பிறகுதான் எல்லாரும் இறங்கினார்கள்.