சந்தாபுராவில் முழு கவரேஜ்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், கிளம்புகிறவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைப்பது என்று சொல்வேன். பெங்களூரு தொம்மலூரில் வானலை என்ற செல்போன் கம்பெனியின் அலுவலகத்தில் தமிழ்ப் பிரிவில் இருக்கிறேன். நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போக நினைக்கிறவர்கள் ‘போர்ட்’ என்று ஒரு மெசேஜ் அனுப்புவார்கள். அனுப்பிய அரை மணி நேரத்தில் அவர்களுக்கு ஒரு போன் வரும். “வணக்கம் சார், வானலையிலிருந்து சிந்து பேசுகிறேன்” என்று ஒருத்தி தேன் ஒழுகப் பேசுவாள். அது நான்தான்.

உண்மையில் என் பெயர் அனுஷா. பிரிவில் ஏற்கெனவே ஓர் அனுஷா இருந்ததால், டீம் லீடர் டிரேவர் எனக்குச் சிந்து என்று பெயர் வைத்துவிட்டார். சிந்துவுக்குக் கோபமே வராது. யார் என்ன திட்டினாலும் “உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம் சார்” என்பாள். அனுஷாவுக்கோ மூக்குக்கு மேல் கோபம். எட்டு மணி நேரம் அடக்கி வைத்ததை எங்கேதான் கொண்டுபோய்க் கொட்டுவது?

பேசப் போகிறவர் எந்த ஏரியா என்று தெரிந்ததும் என் திரையில் ஒரு வரைபடம் விரியும். எங்கள் டவர் நன்றாகக் கிடைக்கும் இடமெல்லாம் பச்சை. பெங்களூரு முழுக்கப் பச்சை. நாங்கள் குடியிருக்கும் சந்தாபுராவும் பச்சை. ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் “உங்கள் பகுதியில் முழு கவரேஜ் இருக்கிறது சார்” என்று சொல்லிச் சொல்லி, நானே அதை நம்பிவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

என் மாமனார் கணேசமூர்த்தி திருப்பத்தூரில் அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் வேதநாயகி மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போனதும், இவர் சமைக்கத் தெரியாத மனிதர் என்பதால் எங்களோடு வந்து தங்கினார். நானும் என் கணவர் அருணும் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவோம். பகல் முழுக்க அவர் தனி. அதனால் கம்பெனியில் ஊழியர் குடும்பத்துக்கென்று கொடுக்கும் வானலை சிம்மை வாங்கி, என் கையாலேயே அவருடைய பழைய பட்டன் போனில் போட்டுக் கொடுத்தேன். “இனிமே கவலையே இல்ல மாமா, எங்க கம்பெனி சிம்” என்று பெருமை வேறு.

எங்கள் தளத்தில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. லாக்கரில் பூட்டிவிட வேண்டும். ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் எடுக்கலாம். எடுத்ததும் முதல் வேலையாக மாமாவைக் கூப்பிடுவேன். “ஹலோ” என்பார். “சாப்டீங்களா மாமா?” என்று கேட்பதற்குள் கட் ஆகிவிடும். மறுபடி கூப்பிட்டால் மறுபடி கட். மூன்றாவது முறை மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் என்றால் பரவாயில்லை. மூன்று வாரம் இதே கதை. மனிதர் வேண்டுமென்றேதான் கட் பண்ணுகிறார் என்று முடிவு கட்டினேன். வீட்டில் அவரோடு பேச்சைக் குறைத்தேன். அவரும் குறைத்தார். “என்கிட்ட பேச இஷ்டமில்லன்னா உங்கப்பாவ நேரா சொல்லச் சொல்லுங்க” என்று அருணிடம் தூது சொன்னேன். அருண் அதை அப்படியே விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டார். அந்தப் பக்கமிருந்து வந்த தூதையும் அதே மாதிரி விழுங்கியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“ஒருவேளை வீட்டுக்குள்ள டவர் எடுக்கலையோ என்னமோ. நாம ராத்திரி வந்து வைஃபைல பேசறோம், நமக்குத் தெரியறதில்ல” என்று ஒரே ஒரு முறை இழுத்தார்.

“சந்தாபுரா ஃபுல் பச்சை. யார்கிட்ட வந்து டவர் பத்திச் சொல்றீங்க?” என்று பாய்ந்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டார். நானும் மாமாவுக்குப் போன் பண்ணுவதை நிறுத்தினேன். ரோஷம் எனக்கு மட்டும் இல்லையா என்ன?

அது நடந்து நாலாவது நாள், மாதக் கடைசி. போகிறேன் என்றவர்களில் தொண்ணூற்றொன்பது பேரை அந்த மாதம் நிறுத்தியிருந்தேன். இன்னும் ஒரே ஒருவர் நின்றால் நூறு. சீனியர் பட்டியலில் என் பெயர் ஏறும். இரண்டு வருடமாக அந்தப் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். மதியம் மூன்றரைக்கு அடுத்த அழைப்பு வந்தது. தகவல் பாதுகாப்பு என்று எங்களுக்குப் பெயரையும் நம்பரையும் காட்டமாட்டார்கள். ஏரியா மட்டும் தெரியும். சந்தாபுரா என்றிருந்தது. நம்ம ஊர் ஆள், சுலபமாக நிறுத்திவிடலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“வணக்கம் சார், வானலையிலிருந்து சிந்து பேசுகிறேன்.”

“ஆங், சொல்லும்மா. போர்ட் பண்ண மெசேஜ் போட்டேனே, அதுக்கா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவின் குரல். பின்னால் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம். எங்கள் மொட்டை மாடித் தொட்டிதான். மோட்டாரை நிறுத்த அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் நினைவிருக்காது.

நான் ஆசையாகப் போட்டுக் கொடுத்த சிம்மை, எனக்குத் தெரியாமல் தூக்கி எறியப் போகிறார்! ஜிவ்வென்று ஏறியது எனக்கு. சொந்தக்காரர் அழைப்பு வந்தால் உடனே இன்னொருவருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. விரல் அந்தப் பட்டனுக்குப் போய்விட்டது. ஆனால் பழக்க தோஷம், வாய் தன்பாட்டில் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டது.

“எங்கள் சேவையை விட்டுப் போகக் காரணம் என்னவென்று தெரிந்துகொள்ளலாமா சார்?”

“என் மருமகதாம்மா காரணம்.”

விரல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பட்டனை அழுத்தக்கூடிய மருமகள் இந்த உலகத்தில் இருந்தால் அவளுக்குக் கோயில் கட்டலாம்.

“கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா சார்?”

“அவ கொஞ்சம் கோவக்காரிம்மா. காலைல கதவ சாத்துனா தெருவுக்கே கேக்கும்.”

“உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம் சார்.”

“ரசம் வைப்பா பாரு, மிளகே இருக்காது. வெந்நீருக்குப் புளியக் காட்டிட்டு எடுத்துடுவா போல.”

“உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொள்கிறேன் சார்” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அதெல்லாம் கெடக்குதும்மா. தினம் ஒரு மணிக்கு அவ எனக்குப் போன் பண்ணுவா. சாப்டீங்களா மாமான்னு கேக்கத்தான். முப்பது வருஷம் பஸ்ல ஏறி எறங்குனேன், மத்தியானம் சாப்டியான்னு ஒரு ஆளு போன் பண்ணிக் கேட்டதில்ல. பெத்த புள்ள இருக்கறான், அவன் கேக்கமாட்டான். இவ கேப்பா. அந்தப் போனு எனக்கு வேணும்மா.”

பட்டன் மேல் நின்ற விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“உங்க சிம்முல ஹலோன்னு சொல்றதுக்குள்ள அறுந்துடுது. டவர் எடுக்கறது மாடில, தண்ணி டாங்க் ஓரமாத்தான். போன எடுத்துகினு மாடிக்கு ஓடுவேன். முழங்கால் புடிச்சிக்கும். நான் வந்து சேர்றதுக்குள்ள அவ கோவிச்சுகினு வெச்சிடுவா. திருப்பிக் கூப்டலாம்னா, வேலை நேரத்துல அவளுக்குத் திட்டு விழுமேன்னு பயம். நானே கட் பண்றேன்னு நெனச்சிகினாளோ என்னமோ, மூஞ்சி குடுத்தே பேசறதில்ல. மூணு நாளா போனும் வர்ல. நான் மட்டும் ஒரு மணி ஆனா மேல வந்து நின்னுகினு இருக்கறேன்.”

சந்தாபுரா வெயிலில், கால் வலியோடு, வராத என் போனுக்காக அவர் நின்றிருக்கிறார். நான் அந்த நேரத்தில் கேன்டீனில் வீராப்பாகத் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஹெட்போனில் மூக்கை உறிஞ்சினால் ரெக்கார்டில் விழும் என்று அடக்கிக்கொண்டேன்.

“இதை உங்கள் மருமகளிடமே சொல்லியிருக்கலாமே சார்?” குரல் சிந்துவுடையதாக இல்லை. நல்லவேளை, டவர் கரகரத்தது.

“அவ வேலை பாக்கறதே உங்க கம்பெனிலதாம்மா. அவளே ஆசையா போட்டுக் குடுத்த சிம்மு. உன் கம்பெனி நல்லால்லன்னு எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது? அதான் சொல்லாம மாத்திடலாம்னு. சும்மா மாத்தலம்மா, நல்லா பாத்துட்டுத்தான். எதிர் வீட்டுக்காரர்கிட்ட தரங் சிம்மு, மேல் வீட்டுல யூனிகால் சிம்மு. ரெண்டு போனையும் கேட்டு வாங்குனேன். வாட்ச்மேன் முனியப்பன் கேட்ல நின்னுகினு ‘ஒந்து, எரடு, மூரு’ன்னு நூறு வரைக்கும் கன்னடத்துல எண்ணுவான். நான் ஒவ்வொரு ரூமா நின்னு, எந்த நம்பர்ல அறுந்து போவுதுன்னு பாப்பேன். தரங் சமையல்கட்டுல முப்பத்தெட்டுல அறுந்துடுச்சு. யூனிகால் பாத்ரூம்ல கூட நூறு வந்துச்சு.”

“எங்களுடையது சார்?” என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

“உங்களுது ஒந்துதான். எரடு வர்ல.”

அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது. திரையைப் பார்த்தேன். சந்தாபுரா பச்சைப் பசேலென்று இருந்தது.

“இந்தாம்மா சிந்து” என்றார். “நீ பொறுமையா கேக்கற. நல்ல வீட்டுப் பொண்ணா தெரியற. நீயே சொல்லு. சீக்கிரம் டவர் சரியாய்டும்னு நீ சொன்னா நான் மாத்தல. இன்னும் கொஞ்ச நாளு மாடி ஏறிக்கறேன். என் மருமகளுக்கும் சங்கடமில்ல பாரு. சரியாவுமா, ஆவாதா?”

ஒரே வார்த்தை. ‘ஆகும் சார்’ என்றால் நூறு. நாற்பது பேரிடம் தினமும் சொல்கிற வார்த்தைதான், வாயிலேயே இருந்தது. சொன்னால் அவர் நம்புவார். நாளைக்கும் ஒரு மணிக்கு மாடி ஏறுவார்.

“ஆகாது மாமா. மாத்திடுங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அந்தப் பக்கம் தொட்டித் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. “என்னாம்...” என்றார். கட் ஆகிவிட்டது. அவர் வைத்தாரா, எங்கள் டவர் தன் குணத்தைக் காட்டியதா தெரியவில்லை.

கால் மணி நேரத்தில் டிரேவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோலார் தங்கவயலில் பிறந்து ஜீவனஹள்ளியில் குடியிருக்கும் மனிதர். கையில், என் அழைப்பின் ரெக்கார்டைக் கேட்டுப் போட்ட மதிப்பெண் தாள்.

“வணக்கம் சொன்னதுக்குப் பத்துக்குப் பத்து. பொறுமைக்குப் பத்துக்குப் பத்து. கஸ்டமர மாமான்னு கூப்பிட்டதுக்கு எவ்ளோ போடறது? அதுக்கு இதுல கட்டமே இல்லியே.”

நடந்ததைச் சொன்னேன். விதியை மீறியதையும் நானே சொன்னேன். அவர் தாளை மடித்து வைத்தார்.

“இந்த மாசம் சீனியர் இல்ல. அது உனக்கே தெரியும். அந்தப் பச்சைய அழிக்கச் சொல்லி ஒரு புகார் எழுதிக் குடு, நான் மேல அனுப்பறேன்.” பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “எங்கம்மா வெச்சிருக்கறது யூனிகால்தான். வெளிய சொன்னா உனக்கு இல்ல, எனக்கு வேலை போய்டும்.”

வீட்டுக்குப் போனபோது மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “வந்துட்டியாம்மா” என்றார். “வந்துட்டேன் மாமா” என்றேன். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடம் கூட்ட நெரிசலில் நின்ற கண்டக்டர் முகம், ஒன்றும் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. சமையலறைக்குப் போய் மிளகை எடுத்து இடித்தேன். தூதுகளை விழுங்கிய அருணுக்குத்தான் இடி முழுக்க விழுந்தது.

சிம் மாற நாலு நாள் ஆயிற்று. நாலு நாளும் ரசம் வைத்தேன். அருண் இருமிக்கொண்டே சாப்பிட்டார். மாமா இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் ஒரு மணிக்கு லாக்கரைத் திறந்து போனை எடுத்தேன். கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தார். பின்னால் தொட்டிச் சத்தம் இல்லை, காற்று இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. சமையலறையில் இருக்கிறார். மனதுக்குள் ஒந்து, எரடு, மூரு என்று எண்ணினேன். அறுந்து போகவில்லை.

“சாப்டீங்களா மாமா?”

“சாப்ட்டேன் சிந்து” என்றார். “ரசத்துல மிளகு சேருதே, அன்னைக்கே பதிவு பண்ணிகினியா?”