பூட்டுக்காரர் கேட்க வந்த கேள்வி

ஆர்கன் வாசிப்போர் சங்கத்தின் புதுப் பருவம் வருஷா வருஷம் ஒரே மாதிரிதான் தொடங்கும். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி, தேவாலயத்தின் மாடி, பதினோரு நாற்காலி, பதினோரு பேர். எல்லாரும் 'மருந்துக்கடை அக்கா' என்று கூப்பிடும் செயலாளர் வரவேற்புரை வாசிப்பாள். ஓய்வுபெற்ற ரயில் டிரைவரான தலைவர் இரண்டாம் பக்கத்தில் கண்ணயர்ந்துவிடுவார். அப்புறம் டீ.

அந்த வருஷம் பன்னிரண்டாவதாக ஒருவர் படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. உட்கார இடம் தேடாமல், சுவரை அடைத்து, உயரமான குழாய்களோடு நின்ற ஆர்கனின் பக்கவாட்டில் எட்டி எட்டிப் பார்த்தார். யார் இது? அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உறுப்பினர் படிவத்தோடு கிட்டே போனாள்.

"வாங்க சார். நீங்க எந்தச் சர்ச்சுல வாசிக்கிறீங்க?"

"நான் எங்கங்க வாசிக்கிறது? பின்னாடி சந்துல பூட்டு ரிப்பேர் கடை வெச்சிருக்கேன். வாசல்ல நோட்டீஸ் பார்த்தேன். இத்தனை பேர் வர்றாங்களே, யாருக்காவது தெரியும்னு ஒண்ணு கேக்க வந்தேன்."

"கேளுங்க."

"ஆறு வருஷமா செவ்வாய்க்கிழமை காலையில இங்க யாரோ வாசிக்கிறாங்க. ஒரே பாட்டு. ஏறி ஏறி ஜோராப் போகும், நானும் அரத்தைக் கீழ வெச்சுட்டுக் கேப்பேன். ஒரு இடம் வந்ததும் டக்குனு நின்னுடும். திரும்ப முதல்லேருந்து. அன்னிக்குப் பூரா எனக்கு வேலை ஓடாது. அதுக்கப்புறம் என்னதாங்க வருது?"

பத்துத் தலைகளும் அக்கா பக்கம் திரும்பின. செவ்வாய்க்கிழமை மாடிச் சாவி யாரிடம் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவளுக்குக் காது மடல் சுட்டது. 'தெரியலையே' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். ஆனால் அந்த மனிதரின் முகத்தில் குற்றம் கண்டுபிடிக்கிற பாவனை துளியும் இல்லை. தெரிந்தால் போதும் என்றுதான் நின்றார்.

"அது நான்தாங்க. அந்த இடத்துல கை ரெண்டும் நின்னுடணும், கால் மட்டும் தனியா வாசிக்கணும். நாலு வரி. ஒரு கல்யாணத்துல நடுவுல தடுமாறிட்டேன். அதுலேருந்து பயம்."

"ஏம்மா, எங்ககிட்ட அது சுலபம்னு சொன்னியே!" என்றார் தலைவர்.

"தூங்குறவர்கிட்ட எதை வேணாலும் சொல்லலாம்னுதான் சொன்னேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பூட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "காலா? கால்லயா வாசிப்பாங்க?" என்று பெஞ்சுக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். அடியில் வரிசையாக நீண்ட மரக் கட்டைகள். "கண்ணு பாட்டுத் தாளைப் பாக்கணும். அப்போ எந்தக் கட்டைன்னு காலுக்கு எப்படித் தெரியும்?"

இருபது வருஷத்தில் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. "செருப்பு ஓரத்தால தடவிப் பாத்துக்கும். இருட்டுல நாம சுவத்தைத் தடவுற மாதிரி."

"காட்டுங்களேன்!"

வரவேற்புரைத் தாள்களை நாற்காலியில் போட்டாள். மெல்லிய அடி வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாட்டு ஏறியது. அந்த இடம் வந்தது. கைகளை எடுத்துப் பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதல் வரி தப்பாமல் நடந்தது. இரண்டாவதில் இடது கால் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. உடம்பு பழையபடி முதலுக்கே ஓடப் பார்த்தது.

"ம்... அடுத்து?" என்றது கீழேயிருந்து குரல். கழுத்தை வளைத்துக்கொண்டு அவள் பாதங்களையே பார்த்திருந்தார் மனிதர்.

நிறுத்தாமல் அடுத்ததுக்குப் போனாள். மூன்றாவது வரியிலும் ஒரு பிசகு. நின்றால்தானே? நான்காவது முடிந்து கைகள் திரும்ப இறங்கியபோது மாடித் தரையே அதிர்ந்தது. கடைசிச் சுரத்தை விட்டுவிட மனசில்லாமல் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தாள்.

"அட, கீழ இறங்கியா முடியுது!" என்றார் பூட்டுக்காரர். "மேல போகும்னுல்ல நெனச்சேன்." மறு மூச்சில் ஆர்கனின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவைக் காட்டினார். "இதுக்குள்ள என்ன இருக்கு?"

"தூசி இருக்கும். சாவி தொலைஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு" என்றார் தலைவர்.

பூட்டுக்காரரின் கை அதற்குள் பைக்குள் போயிருந்தது. இரண்டு கம்பிகள், பத்து எண்ணும் நேரம். கதவு திறந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான மெல்லிய மரக்குச்சிகள்; கட்டையின் அசைவைக் குழாய்களுக்குக் கொண்டுபோகிறவை. டீ ஆறிக்கொண்டிருக்க, எல்லாரும் அந்த வாசலில் முட்டி மோதினார்கள்.

"மேடம், ஒவ்வொண்ணா அமுக்குங்க!" என்று உள்ளிருந்து பூட்டுக்காரரின் சத்தம் வந்தது. அக்கா பெஞ்சுக்குத் திரும்பி அமுக்கினாள். "அசையுது! அடுத்தது! இதுவும்... இருங்க, ஒரு குச்சி மட்டும் எதுக்கும் அசைய மாட்டேங்குதே?"

"எந்தக் குச்சிப்பா? எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்க" என்று தலைவர் தலையை நுழைத்தார். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

அக்கா கைக்கட்டைகளின் மேல் வரிசை முழுக்கத் தட்டினாள். கீழ் வரிசை முழுக்கத் தட்டினாள். அசையவில்லையாம். அப்புறம் காலை நீட்டி, இடக்கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக மிதிக்கத் தொடங்கினாள்.