பாதி மழித்த கன்னம்

இடது கன்னத்தை முடித்துவிட்டு வலது கன்னத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தாள் லெவீனா. செத்தவருக்குச் சவரம் செய்வது சுலபம், அசைய மாட்டார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சுத்தப் பொய். உயிரோடிருப்பவன் கன்னத்தை உப்பிக் காட்டுவான், உதட்டை இழுத்துப் பிடிப்பான். அப்பா எதற்கும் ஒத்துழைக்கவில்லை. உயிரோடிருந்தபோதும் அப்படித்தான் என்று நினைத்தபடி அவள் கத்தியை ஒருமுறை துணியில் துடைத்தாள்.

பெட்டி முன்னறையில் இரண்டு நாற்காலிகளின் மேல் இருந்தது. சுவர்க்கண்ணாடியைப் போர்வையால் மூடியாயிற்று. அடுப்பில் தேங்காய்ப்பாலில் பயறும் சோறும் வெந்துகொண்டிருந்தன. அடக்கத்துக்கு வருபவர்கள் துக்கத்தைவிடப் பசியோடுதான் வருவார்கள்.

வாசல் வராந்தாவில் செருமல் கேட்டது. அப்பா சேர்ந்திருந்த அடக்கச் சங்கத்துப் பெரியவர் மில்லிங்டன் ஊதாப் பட்டையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு காலையிலிருந்தே காவல் உட்கார்ந்திருந்தார்.

"லெவீனா, உன் தம்பி வந்திருக்கான்மா."

"எனக்குத் தம்பி கிடையாது."

"கிடையாதவன் பொண்டாட்டி பிள்ளையோட வந்து நிக்கிறான். கக்கத்துல கொடி வேற."

அவள் கத்தியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். கீழ்ப்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக கார்ல்டன் நின்றிருந்தான். வலது முழங்கால் மடங்காது. பின்னால் அவன் மனைவி மிர்த்தா, வெள்ளைக் கவுன் போட்ட குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உயிரோடிருந்த அப்பனைப் பார்க்கப் பதினைந்து வருஷமாக வராதவன், செத்தவரைப் பார்க்கச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தான்.

"என்ன, வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

"வழியில இருந்த வேலியை இன்னிக்குத்தான் எடுத்தாங்க, அக்கா."

அந்த 'அக்கா'வில் இருந்த நக்கலுக்கே அவனை அறையலாம் போலிருந்தது அவளுக்கு.

அன்று மதியம் அமெரிக்கக் கொடி இறங்குகிறது. கால்வாயின் இரு கரையையும் அமெரிக்கா வேலி போட்டு வளைத்து வைத்திருந்த ஜோன் என்ற பகுதி இனிக் கிடையாது. ஒப்பந்தம் அப்படி. ரேடியோவில் விடிந்ததிலிருந்து பாண்டு வாத்தியம். வேலிக்கு வெளியே இருந்த கொலோன் நகரத்துச் சனம் பஸ் பிடித்துத் தலைநகருக்குப் போய்விட்டது.

"கரை இன்னிக்குக் கைக்கு வருதாம். கால்வாய் வர இன்னும் இருபது வருஷமாம்" என்றார் மில்லிங்டன், யாரிடம் என்றில்லாமல். "நிலத்தைக் கொடுத்துட்டுக் கிணத்தை வச்சுக்கிற பாகப்பிரிவினையை இப்பத்தான் பாக்குறேன்."

கார்ல்டன் கக்கத்திலிருந்த சொந்த நாட்டுக் கொடியைக் கையில் எடுத்தான்.

"அப்பா மேல இதைப் போர்த்தணும். கல்லறைத்தோட்டத்துல நான் பேசப்போறேன். எங்க தொழிற்சங்கத்து ஆளுங்க வருவாங்க."

"அவர் மேல எதையும் போர்த்த வேண்டாம். அவருக்குக் குளிரலை."

"தாத்தா பார்படோஸ்ல இருந்து வந்து இந்தக் கால்வாயை வெட்டினார். மண்ணு சரிஞ்சு அதுலயே போனார். எலும்புகூடக் கிடைக்கலை. அப்பா ஆயுசு பூரா மதகுல துடுப்பு போட்டார். அப்ப இது யாரோட கால்வாய்? இன்னிக்கு ஒரு நாளாவது அதைச் சத்தமா சொல்ல வேண்டாமா?"

"சொல்லேன். ரோட்டுல நின்னு சொல்லு. பொணத்து மேல ஏறி நின்னு சொல்லாதே."

கார்ல்டனுக்கு மூக்கு விடைத்தது. சின்ன வயதில் அடி வாங்கியவுடன் இப்படித்தான் விடைக்கும்.

அவன் முழங்கால் போன கதை ஜோனுக்குள் கறுப்பர் குடியிருப்பான ரெயின்போ சிட்டி முழுக்கத் தெரியும். அறுபத்து நாலு ஜனவரியில், வேலிக்கு உள்ளே எங்கள் நாட்டுக் கொடியும் பறக்கட்டும் என்று பிள்ளைகள் திரண்டு போனார்கள். கார்ல்டனும் இதே கொடியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் போனான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குண்டு முழங்காலைப் பிளந்தது. அவனைக் கதவுப் பலகையில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே நேரத்தில், அப்பா காத்தூன் மதகில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். மதகு வாசலுக்கு வரும் கப்பல் நிற்காது, ஊர்ந்துகொண்டே இருக்கும். அதன் மூக்குக்கு முன்னால் சின்னப் படகில் இரண்டு பேர் போய், கரைக் கயிற்றைக் கப்பல் கயிற்றோடு முடிந்துவிட்டு விலக வேண்டும். ஊர் பற்றி எரிந்தது. கப்பல் ஒன்றுகூட நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கார்ல்டன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பியவன் திரும்பியவன்தான்.

"அவர் ஏன் போனார்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் லெவீனா. "வேலைக்கு வராதவன் வீட்டைக் காலி பண்ணணும்னு ஃபோர்மன் சொன்னான். அம்மா படுத்த படுக்கை. எங்கடா கொண்டுபோவார் அவளை? உன் கொடியைக் கூரையா போட்டுக்கவா?"

"வீட்டுக்காகத்தானே போனார்? வீடு இப்ப எங்கே? வேலைக்காரன் செத்துட்டான், உன்னையும்தான் காலி பண்ணச் சொல்வாங்க. பதினைஞ்சு வருஷம் கழிச்சு அதே தெருவுல நிக்கப்போறே."

அது உண்மை. மாத முடிவுக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்து போயிருந்தான். பூத்தொட்டிகளைக்கூடக் கொண்டுபோகக் கூடாதாம்.

"போடா வெளியே" என்றாள்.

"வெளியேதான் நிக்கிறேன்" என்றான் அவன்.

இத்தோடு கதவைச் சாத்தியிருப்பாள். சாத்த முடியாதபடி அப்பா ஒரு வேலை வைத்துவிட்டுப் போயிருந்தார். கடைசி நாளில் பேச்சு குழறியபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான். தன்னைப் பெட்டியில் வைத்த பிறகு கார்ல்டனின் மகளை அதன் மேலாகத் தூக்கிக் கைமாற்ற வேண்டும். பார்படோஸிலிருந்து வந்தவர்களுக்குள் அது வழக்கம். வீட்டுச் சிறுசுகளை இந்தப் பக்கம் ஒருவர் கொடுக்க, அந்தப் பக்கம் ஒருவர் வாங்க, மூன்று தரம் பெட்டிக்கு மேலாகத் தாண்டவைத்துவிட்டால், போனவர் அந்தப் பிள்ளைகளின் தூக்கத்தில் வந்து நிற்க மாட்டார்.

"பார்க்காத பேத்தி" என்றார் அப்பா. "பார்க்காம போனா பார்க்கத்தான் வருவேன். புள்ளை பயந்துக்கும், லெவீனா."

அவள் சரி என்று சொல்லியிருந்தாள். எதிரியிடம் போய்க் கையேந்தும் சரி.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் தரையைப் பார்த்து. கேட்டாள்.

கார்ல்டன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "உயிரோட இருந்தப்ப அவர் எனக்காக ஒரு கப்பலை நிறுத்தலை. நான் அவருக்காக என் பொண்ணைப் பொணத்து மேல தூக்கணுமா?"

"அவருக்காக இல்லைடா. புள்ளைக்காகக் கேட்டார்."

"சரி." அவன் கொடியைத் தட்டினான். "இது அவர் மேல கிடக்கட்டும். புள்ளை தாண்டுவா. இதுக்கு அது."

மில்லிங்டன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "சங்கத்து மேலங்கியைத் தவிர எதுவும் போடக் கூடாது. உங்கப்பன் கிட்டன்ஸ் எங்க ஆளு. அமெரிக்கன் கொடியும் வேணாம், இதுவும் வேணாம்."

"நீங்க உக்காருங்க, பெரியவரே. இது குடும்ப விஷயம்."

"இத்தனை வருஷம் எங்கடா போச்சு அந்தக் குடும்பம்?"

அந்தக் கொடியை லெவீனாவுக்கு நன்றாகத் தெரியும். கலவரம் ஓய்ந்த பிறகு ஒருநாள் அப்பாவோடு கொலோன் சந்தைக்குப் போயிருந்தாள். மீன்காரி முதற்கொண்டு எல்லோர் சட்டையிலும் குட்டிக் குட்டியாக அதே கொடி. ஒருவன், பெரிய வயசுகூட இல்லை, "சொம்போ! கறுப்பு நாயே! வெள்ளைக்காரன் துடுப்பு!" என்று கத்திக்கொண்டே வந்து அப்பாவின் முகத்தில் துப்பினான். அப்பா சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். அப்புறம் மீனைத் திருப்பிப் பார்த்து, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து, வாங்கிக்கொண்டு வந்தார். ஜோனுக்குள் திரும்பி வந்து தாகத்துக்குக் குடித்தது கறுப்பர் குழாயில். வெள்ளைக்காரனுக்குத் தங்கச் சம்பளம், கறுப்பனுக்கு வெள்ளிச் சம்பளம் என்று தாத்தா காலத்தில் பிரித்தது சம்பளத்தோடு நின்றுவிடவில்லை. குழாய், பள்ளிக்கூடம், தபால் ஜன்னல், கல்லறைத்தோட்டம் என்று எல்லாவற்றையும் பிரித்தது. பின்னால் அந்தப் பிரிவினையின் பேரை மாற்றினார்கள். குழாய் அங்கேயேதான் இருந்தது.

இரண்டு பக்கமும் அவர் மேல் துப்பிய பிறகு இப்போது இரண்டில் ஒன்றைப் போர்த்திக்கொண்டு போக வேண்டுமாம். ஆனாலும் அப்பா பிடித்த மணிக்கட்டு இன்னும் வலித்தது.

"போர்த்து" என்றாள். "ஆனா முதல்ல புள்ளை."

"முதல்ல கொடி."

"உன் வாக்கை நான் நம்ப மாட்டேன்."

"உன் வாக்கை மட்டும் நான் நம்பிட்டேனா?"

"சந்தையில மீன் விலை பேசுறீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் மிர்த்தா. அதுவரை வாயே திறக்காதவள். மலைப்பக்கத்துக்காரி, இவர்கள் ஆள் இல்லை. திருமணமான புதிதில் லெவீனா அவளைத் தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதும் உண்டு. "ராத்திரி புள்ளை அலறினா எழுந்து உக்காருறது நான். யாரியேலா, வா. தாத்தாவைப் பாக்கலாம்."

அவள் குழந்தையை இழுத்துக்கொண்டு படியேறி உள்ளே போய்விட்டாள். கார்ல்டன் வேறு வழியில்லாமல் மடங்காத காலை ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு பின்னால் போனான். கொடியைப் பெட்டியருகே இருந்த ஸ்டூலில் வைத்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், பெட்டியின் ஓரத்து ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொடுக்க ஒருவர், வாங்க ஒருவர் வேண்டும். இரத்த உறவாக இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இருந்தது இரண்டே பேர்.

அவன் குழந்தையைத் தூக்கி நீட்டினான். லெவீனா பெட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கை நீட்டி வாங்கினாள். குழந்தை கனமாக இருந்தாள், பவுடர் வாசனை அடித்தது. அத்தையின் முகத்தை உற்றுப் பார்த்தாள். லெவீனா திருப்பிக் கொடுத்தாள். வாங்கும்போது அவன் விரல் அவள் விரலில் பட்டது. இருவரும் சுட்டதுபோல் இழுத்துக்கொள்ள, நடுவில் குழந்தை ஒரு குலுங்கு குலுங்கினாள்.

"கீழே போட்டுடாதீங்க!" என்றாள் மிர்த்தா.

மூன்றாவது தரம் யாரியேலாவுக்கு விளையாட்டாகிவிட்டது. அந்தரத்தில் கால்களை உதைத்துச் சிரித்தாள். வெள்ளைச் சப்பாத்து ஒன்று கழன்று பெட்டிக்குள் விழுந்தது.

உயிரோடிருப்பவரின் பொருள் செத்தவரோடு மண்ணுக்குள் போகக் கூடாது. அதிலும் பிள்ளையின் சப்பாத்து. லெவீனா குனிந்து கைநீட்டப் போனாள்.

"நீ தொடாதே" என்றார் மில்லிங்டன் வாசலிலிருந்து. "பெத்தவன்தான் எடுக்கணும்."

சப்பாத்து அப்பாவின் விலாவுக்கும் கைக்கும் இடையில் செருகிக்கொண்டு குதிகால் மட்டும் தெரிந்தது. கார்ல்டன் இரண்டு விரலால் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். வரவில்லை. கையைத் தூக்கினால்தான் வரும்.

லெவீனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொடமாட்டான் என்று நினைத்தாள். தொடக் கூடாது என்றும் நினைத்தாள். அந்தக் கையைக் கழுவி, நகம் வெட்டிவிட்டு, சூப்பு ஊட்டியதெல்லாம் அவள். இவனுக்கு அதில் என்ன பாத்தியதை?

கார்ல்டன் அப்பாவின் கையைத் தூக்கினான். விரல்கள் மடங்கியபடி விறைத்திருந்தன, துடுப்பைப் பிடித்த மேனிக்கே. உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம் குறுக்காக ஓடியது. சின்னப் பையனாக இருந்தபோது அந்தத் தடத்தில் விரலை ஓட்டி 'இதுதான் கால்வாய், இதுதான் கப்பல்' என்று அவன் விளையாடுவதை லெவீனா பார்த்திருக்கிறாள். இப்போது சப்பாத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கையை மட்டும் கீழே வைக்கவில்லை.

தூரத்தில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதத் தொடங்கின. கொடி இறங்கியிருக்க வேண்டும். மில்லிங்டன் தொப்பியைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவன் கையைப் பழையபடி வைத்துவிட்டு, முதல்முறையாக அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"என்ன இது, பாதிக் கன்னம் அப்படியே கிடக்கு?"

"நீ வந்து கெடுத்த."

"நுரை காய்ஞ்சு போச்சு."

"தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு."

அவன் அவளைப் பார்க்காமல் கையை நீட்டினான். அவள் கத்தியைக் கொடுக்கவில்லை. அவன் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. மிர்த்தா உள்ளே ஓடினாள்.

"எதிர்ப்பக்கமா இழுக்காதே, அவருக்கு எரியும்" என்று கத்தியை அவன் கையில் வைத்தாள் லெவீனா. வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சோப்புக் கிண்ணத்தை எடுத்து அவன் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கார்ல்டன் மடங்காத காலைப் பின்னால் தள்ளிவிட்டுக் குனிந்தான்.

யாரியேலாவுக்குக் கால் வலித்திருக்க வேண்டும். ஸ்டூலில் மடித்து வைத்திருந்த கொடியின் மேல் ஏறி உட்கார்ந்து, சப்பாத்தில்லாத காலை நீட்டிக்கொண்டு, யாராவது மாட்டிவிடுவார்கள் என்று காத்திருந்தாள்.