செகண்ட் ஷிப்ட் வாரத்துப் புள்ளிகள்

"ஒரு அடிக்கு ஒரு கோடு, அக்கா. பாவமா இருக்குன்னு ஒண்ணைக் குறைக்காதீங்க. கோவத்துல ஒண்ணைக் கூட்டவும் வேணாம்."

"நான் அவ கையப் புடிக்கிறதா மேடம், கோடு போடுறதா?"

"ஒரு கையால தடுங்க, இன்னொரு கையால போடுங்க."

"அது வரும். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு கையால எதையாவது தடுத்துக்கினுதான் இன்னொரு கையால சமைக்கிறேன்."

அருணா அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். ஆறு வாரத்துக்கு முந்தைய பேச்சு அது. பொன்னேரியில் சிறப்புக் குழந்தைகளுக்கான அந்த மையத்தில், அதே பெஞ்சில் இப்போது கணவனோடு உட்கார்ந்திருந்த நர்மதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மகள் ரம்யாவுக்கு ஆறு வயது. பேச்சு வரவில்லை. முஷ்டியை மடக்கி இடது நெற்றிப்பொட்டில் தானே அடித்துக்கொள்வாள். இப்படியே அடி விழுந்தால் அந்தக் கண் பார்வை போய்விடும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்யும் அருணா ஒரு வழி சொன்னாள். வேண்டிய பொருளின் படம் ஒட்டிய அட்டையைக் குழந்தை எடுத்து நீட்டினால் உடனே அந்தப் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை நர்மதா எண்ண வேண்டும்.

நர்மதா நோட்டில் போட்ட கோடுகளெல்லாம் புள்ளிகளாகி ஒரு தாளில் வரிசையாக நின்றன. நடுவில் நெட்டாக ஒரு கோடு. அதற்கு இடப்பக்கம் அட்டை வருவதற்கு முந்தைய இரண்டு வாரம், வலப்பக்கம் வந்த பிறகு நான்கு வாரம்.

அன்புராஜ் தாளைத் தன் பக்கம் இழுத்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. உலைச் சூட்டின் அளவைக் கிராஃபில் பார்த்துப் பழகியவன்.

"இதோ எறங்கியிருக்கே மேடம். எல்லாம் நான் உக்காந்து ட்ரெய்னிங் குடுக்கிறது."

"கடைசியை மட்டும் பார்க்காதீங்க சார்." வலப்பக்கத்தை அருணா உள்ளங்கையால் மறைத்தாள். "முதல்ல இதைப் பாருங்க. ஒரு வாரம் உயரத்துல இருக்கு. அடுத்த வாரம் தரையில இருக்கு. அப்ப அட்டையே கிடையாது." கையை எடுத்தாள். "இந்தப் பக்கமும் அதே மாதிரிதான் ஏறி இறங்குது. அட்டையால பிரயோஜனம்னு என்னால எழுத முடியாது. வாரா வாரம் வேற ஏதோ மாறுது. உங்க வீட்ல என்ன மாறுது, அக்கா?"

நர்மதா தாளையே பார்த்தாள். போன மாதமும் அருணா இதையே போனில் கேட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி இவள் சமாளித்தாள். இந்தப் புள்ளிகள் தனக்குப் பதிலாக அவனிடம் பேசிவிடும் என்று ஆறு வாரமாக நம்பியிருந்தாள். அவை பேசத்தான் செய்தன. அவன் பாராட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அன்புராஜ் தேதிகளின் மேல் விரலை ஓட்டினான். விரல் நின்றது.

"எறங்குன வாரமெல்லாம் எனக்கு செகண்ட் ஷிப்ட்."

ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பான். செகண்ட் ஷிப்ட் என்றால் இரவு பத்தரை ஆகும்.

"நான் இல்லாதப்ப இவ எண்ணியிருக்க மாட்டா மேடம். சீரியல் பாத்துக்கினு இருந்திருப்பா."

"பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி அக்காவை வாரத்துல ரெண்டு நாள் தனியா எண்ணச் சொல்லியிருந்தேன். ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பார்க்கலை. ரெண்டு கணக்கும் ஒத்துப்போகுது சார்."

அவன் தாளை மெல்லத் திருப்பி அருணா பக்கம் தள்ளினான்.

வெளியே வந்து பைக்கை எடுத்தார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊர்ல எல்லா அப்பனும் குடிச்சிட்டு வந்து அடிக்கிறான். நான் எம்பொண்ண ஒரு அடி அடிச்சிருப்பனா?"

"இல்ல."

அவன் அடித்ததே இல்லை. வந்ததும் குளித்துவிட்டு மகள் முன்னால் சம்மணம் போட்டு இருட்டும்வரை உட்காருவான். அவள் சுழற்றி விளையாடும் டிபன் பாக்ஸ் மூடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பான். 'நைனா சொல்லு, தரேன்' என்பான். பள்ளிப்பட்டுப் பக்கம் அவன் தன் அப்பாவைக் கூப்பிட்ட சொல் அது. இப்போது ரம்யா அட்டையை நீட்டுவாள். 'அட்டை வேணாம், வாயால சொல்லு செல்லம்' என்று கெஞ்சுவான். முஷ்டி பொட்டுக்குப் போகும். அட்டை வருவதற்கு முன்பும் சேர்த்து இரண்டு வருடமாக இந்தக் கெஞ்சல்தான். அவன் ஆசையை உடைக்க நர்மதாவுக்கு மனம் வரவில்லை. குழந்தையின் கண்ணைப் பணயம் வைத்து அந்த ஆசையைக் காப்பாற்றியிருக்கிறோம் என்பது இன்றைக்குத்தான் நெஞ்சில் கசந்தது.

"சூப்பர்வைசராண்ட கேட்டு செகண்ட் ஷிப்டே வாங்கிக்கிறேன்" என்றான். "நான் வரதுக்குள்ள அது தூங்கிடும். உங்க ரெண்டு பேருக்கும் பேஜாரு இல்ல. அதான உனக்கு வேணும்?"

ஆமாம் என்றால் அத்தோடு முடிந்துபோகும். அவன் போய்விடுவான், புள்ளிகள் இறங்கிவிடும், அவளும் கெட்டவளாக வேண்டியதில்லை. சரக்கு ரயில் கடக்கத் தொடங்கியது. கடைசிப் பெட்டி போகும்வரை பொறுத்திருந்தாள்.

"வேணாங்க. நீங்க ஊட்டுக்கு வாங்க. அவ பக்கத்துல உக்காருங்க. மூடிய கேட்டா கையில குடுத்துடுங்க." அவன் சட்டையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. "நைனான்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. இனிமே எப்பவுமே கேக்காதீங்க."