கேட்காமல் விட்ட குரல்

ஈவ்லின் மகள் ஜெனிட்டாவோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய ஒன்பதாம் நாள், மொரீஷியஸ் விமான நிலையத்தில் மகளைக் கைது செய்தார்கள். ஓட்டல் வேலைக்கென்று போனவள். அவள் கொண்டுபோன பெட்டியின் அடியில் போதைப்பொருள் இருந்தது.

அவர்கள் ஊரான சாம்பியன் ரீப்ஸ் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சர்ச்சில் ஈவ்லினின் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. பக்கத்து வீட்டு ஐடா எதிரில் வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டே கடந்துபோனாள். நாலு வார்த்தையாவது கேட்டிருக்கலாம் என்று ஈவ்லினுக்குத் தோன்றும். புருஷன் இல்லாத வீடு. ஒரு ஆளுக்கு அரிசி போடும் அளவு கடைசிவரை அவளுக்குப் பிடிபடவில்லை.

நாலு மாதம் கழித்து, கோலாரில் இலவச சட்ட உதவி தரும் வக்கீல் ஞானசுந்தரியிடம் போனாள்.

"பெட்டியில இன்னா இருந்ததுன்னு ஜெனிட்டாவுக்குத் தெரியாதுன்னு காட்டணும்மா. ஏமாத்தி அனுப்பினாங்கன்னு நிரூபிச்சா வெளிய வந்துடலாம். கிளம்பறதுக்கு முன்னாடி உங்களுக்கு எதனா அனுப்பினாளா?"

ஈவ்லின் போனை நீட்டினாள். ஆறு வாய்ஸ் மெசேஜ். ஒன்றைக்கூட அவள் திறந்திருக்கவில்லை.

"ஏன் கேக்கல?"

"அப்ப கோவம் மேடம். அப்புறம் பயம்."

ஞானசுந்தரி கடைசி மெசேஜை அழுத்தினார்.

"மம்மி, வேலை வாங்கிக் குடுத்த விநாயக் சார் ஒரு பெட்டி குடுத்தாரு. ஓட்டல் மேடத்துக்கு மசாலாவாம். தொறக்காதன்னாரு. எனக்கு ஒருமாதிரியா கீது. எடுத்துக்னு போட்டுமா? நீ வேணாம்னா நான் போவல. ஒரு வார்த்தை சொல்லு மம்மி."

ஈவ்லின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இது பெரிய ஆதாரம்," என்றார் ஞானசுந்தரி மெதுவாக. "ஆனா நீங்க ஏன் பதில் சொல்லலன்னு மொரீஷியஸ் கோர்ட்ல கேப்பாங்க. அதையும் பிரமாணப் பத்திரத்துல எழுதணும். அதை ஜெனிட்டா எதிர்லயே படிப்பாங்க."

"இருக்கறத அப்டியே எழுதுங்க மேடம்."

பதினோரு மாதம் ஆயிற்று. ஏமாற்றப்பட்டவள் என்று ஏற்று, ஜெனிட்டாவை விடுவித்தார்கள். விநாயக்கைப் பெங்களூரில் பிடித்தார்கள்.

ஜெனிட்டா இளைத்து வந்து சேர்ந்தாள். மூன்றாம் நாள் துணிமணியைப் பையில் எடுத்து வைத்தாள்.

"அன்னிக்கு என் மெசேஜைக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லிருப்பியா?"

"சொல்லிருப்பேன் கண்ணு."

ஜெனிட்டா தலையசைத்தாள். "பெங்களூர் ஹாஸ்டல்ல தங்கிக்கறேன் மம்மி. அங்க யாருக்கும் என்னைத் தெரியாது."

இப்போது வாரம் ஒருமுறை அழைக்கிறாள். சாப்பிட்டியா, மழை வந்துச்சா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு ஈவ்லின் வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்திருப்பாள்.

போன வாரம் மட்டும் ஜெனிட்டா கொஞ்சம் தயங்கினாள். "அடுத்த மாசம் விநாயக் கேஸ்ல நான் சாட்சி சொல்லணும். நீ கூட வரியா?"

மறுநாளே ஈவ்லின் ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தாள்.