உயிரோடு இருப்பவர்களுக்கான அறிவிப்பு

சேதிக்காரரின் குரல் தெருமுனையில் கேட்டால், பொங்குகிற பாலைக்கூட இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் தெருத் தெருவாகப் போய் மரண அறிவிப்புச் செய்வது அவர் குடும்பத்துக்குத் தலைமுறைத் தொழில். "இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் தந்தையுமாகிய" என்று அவர் அடுக்கினால் ஓர் உறவு விட்டுப்போகாது, ஒருவர் முறை மாறாது. குடித்தே செத்தவனானாலும் அவர் வாயால் போகும்போது கண்ணியமாகத்தான் போவான். அந்தக் குரலில் அவருக்குக் கர்வம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட குரலைத் திருத்த வந்தாள் மருமகள்.

அவள் அந்தப் பகுதியின் சிறிய பிரசவ வார்டில் நர்ஸ். அந்த வார்டை மூடிவிடலாமா என்று வரும் சனிக்கிழமை நகர மன்றம் முடிவு செய்ய இருந்தது. "யாருக்கும் அதில் அக்கறையில்லை" என்று மன்றத் தலைவர் சொல்லியிருந்தார். அக்கறை உண்டென்று காட்ட ஒரே வழி, அன்றைக்கு மன்ற அரங்கில் உட்கார இடமில்லாமல் ஜனம் நிற்க வேண்டும். இல்லையென்றால் வலி எடுத்தவளை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையைத் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரி வரை போக வேண்டியதுதான். நடுவில் பிள்ளை காத்திருக்குமா?

மருமகள் வேலை பார்க்கும் இடம் மூடப்படுவது குடும்பத்துக்கே தலைகுனிவு என்று சேதிக்காரர் தாமாகவே வண்டியை எடுத்தார். மகன் ஓட்டினான். "மானமுள்ளவர்களே! இன்று தூங்கினால் நாளை நடுரோட்டில் பிள்ளை பெறுவீர்கள்! வெட்கமில்லையா உங்களுக்கு?" என்று முழங்கிக்கொண்டே போனார். அன்று மாலை வார்டைக் காப்பாற்ற மருமகள் கூட்டிய ஆலோசனைக் கூட்டத்துக்கு வார்டின் காவலாளி வந்தார். தேநீர் உண்டா என்று எட்டிப் பார்த்த ஒருவரும் வந்தார்.

"மாமா, திட்டினா யாரு வருவாங்க?" என்றாள் மருமகள்.

"திட்டலம்மா. உறைக்கிற மாதிரி சொன்னேன்."

"நல்லா உறைச்சுது. அதான் ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க."

சமையலறையிலிருந்து அவர் மனைவியின் சிரிப்புக் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்ல நினைத்ததை மருமகள் சொல்லிவிட்டாள்.

"ஏற்கெனவே பயந்து கிடக்கிறவங்களை இன்னும் பயமுறுத்தினா போர்வையை இழுத்து மூடிக்குவாங்க, மாமா. அவங்களுக்கு அந்த வார்டு பிடிக்கும். அதை ஞாபகப்படுத்துங்க. எது போகப்போகுதுன்னு சொல்லாதீங்க, எது இருக்கப்போகுதுன்னு சொல்லுங்க."

"கெஞ்சச் சொல்றியா? நம்ம குடும்பத்துல மைக்கைப் பிடிச்சு யாரும் கெஞ்சினதில்லை."

"கெஞ்ச வேண்டாம். விருந்துக்குக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்க."

ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். மறுநாள் சேதிக்காரர் அதை ஓர் எழுத்து மாற்றாமல் படித்தார்: "நம் அனைவரின் அன்புக்கும் உரிய பிரசவ வார்டு... எத்தனையோ குழந்தைகளைக் கையில் ஏந்திய வார்டு... என்றென்றும் நம் நெஞ்சில் இருக்கும்..."

வரி அவளுடையது. குரல் அவருடையது. கேட்டவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து தலை குனிந்து நின்றார்கள். பேக்கரிக்காரர் மரியாதைக்காகக் கடையைப் பாதி சாத்தினார். மாலைக்குள் வார்டு வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பூ குவிந்துவிட்டது. தையற்காரர் ஒரு மலர்வளையத்தோடு வந்து, சேதிக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"அண்ணே, எப்போ எடுக்கிறாங்க?"

"எதைய்யா?"

"வார்டைத்தான். நல்ல மாதிரி இருந்துச்சு. என்ன செய்யறது, எல்லாருக்கும் ஒரு நாள் இருக்கே."

உள்ளே வலியோடு படுத்திருந்த ஒரு பெண் ஜன்னல் வழியாகப் பூவைப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, டாக்டர் மறைக்கிறார் என்று அலறினாள். அவளைச் சமாதானம் செய்வதற்குள் மருமகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் பூவை வைத்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். செத்துப்போனதற்காக யார் போராடுவார்கள்?

நகர மன்றத் தலைவர் அந்தப் பூக்குவியலைப் பார்க்க நேரிலேயே வந்தார். "மக்களே மனசைத் தேத்திக்கிட்டாங்க. அழகா வழியனுப்பி வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் சேதிக்காரர் சோற்றைத் தொடவில்லை. மூடவிருந்ததை மன்றம் மூடுவதற்கு முன்பே தம் வாயால் அடக்கம் செய்தாகிவிட்டது. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? வார்டைக் கொன்றது சேதிக்காரர் குடும்பம் என்று சொல்லும்.

"சிரிச்சுக்கிட்டே பேசிப் பாருங்க, மாமா. சிரிச்சா குரல்ல தெரியும்" என்றாள் மருமகள்.

அவர் பல்லைக் காட்டிக்கொண்டு, "அன்பார்ந்த பொதுமக்களே" என்றார்.

"ஏங்க, வேண்டாங்க" என்றாள் மனைவி. "பக்கத்து வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு."

மகன் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் குரல் சம்பாதித்த காசில் வளர்ந்தவன், அதைக் கேலி செய்ய அவனுக்கு வாய் வரவில்லை. மருமகள் கேட்டாள்:

"சரி, மாமா. இல்லாததை எதுக்கு வரவழைக்கணும்? உங்களை மாதிரி யாருக்கும் தெரியாத விஷயம்னு ஒண்ணு சொல்லுங்க."

"யாருக்கு யாரு என்ன உறவுன்னு தெரியும். அது தெரியாம மைக்கைத் தொட முடியாது."

"அதையே சொல்லுங்களேன். அதே குரல், அதே வரிசை. ஆனா உயிரோட இருக்கிறவங்களுக்கு. இந்தத் தெருக்காரங்க எல்லாரும் அந்த வார்டுல பொறந்தவங்கதானே?"

"உயிரோட இருக்கிறவனுக்கு அறிவிப்பா?" அவர் முதுகு நிமிர்ந்தது. "எங்கப்பா இருந்திருந்தா என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பாரு."

"எங்க பொறந்தீங்க மாமா நீங்க?"

அவரும் அந்த வார்டில் பிறந்தவர்தான். சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தார். குடும்பத்தால் வந்த பழியைக் குடும்பம்தான் துடைக்க வேண்டும். மகனைப் பார்த்து, "விடிஞ்சதும் வண்டியை எடு" என்றார்.

காலையில் வண்டி பேக்கரி முன்னால் நின்றது. சேதிக்காரர் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். குரல் ஓர் இழைகூட மாறவில்லை.

"ஆழ்ந்த மகிழ்ச்சியுடன் அறிவித்துக்கொள்கிறோம். காலஞ்சென்ற மாவு வியாபாரியின் இளைய மகனும், தையற்காரரின் மைத்துனரும், மூன்று பெண்களின் தந்தையுமாகிய நமது பேக்கரிக்காரர்..."

மாவு படிந்த கையோடு பேக்கரிக்காரர் ஓடி வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. "அண்ணே! எனக்கு என்னண்ணே ஆச்சு?"

"...நமது பிரசவ வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் பிறந்தார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். இன்றும் நலமாக இருக்கிறார்."

பேக்கரிக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். நெஞ்செல்லாம் மாவு. பிறகு தம்மை அறியாமலே சிரித்தார். "ஜன்னலோரக் கட்டிலா? எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லும்."

சேதிக்காரர் முடித்தார்: "இன்னும் பிறக்காத ஒருவரின் மாமாவும் அத்தையும், அண்ணனும் அக்காவுமாகிய நீங்கள் அனைவரும், சனிக்கிழமை காலை நகர மன்ற அரங்குக்கு வந்திருந்து, அவருக்கு ஓர் இடம் பிடித்துத் தரும்படி உறவின் முறையில் அழைக்கிறோம்."

அந்தக் கடைசி வரி மருமகள் எழுதியதல்ல. அவர் வாயில் தானாக வந்தது.

அதற்குப் பிறகு வண்டி நகரவே பாடுபட்டது. "எங்க வீட்டை விட்டுட்டுப் போறீங்களே, நாங்க என்ன மரத்துலயா காய்ச்சோம்?" என்று ஒருத்தி வழிமறித்தாள். வெகு காலமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவரை ஒரே மூச்சில் அறிவித்ததற்கு இருவருமே சண்டைக்கு வந்தார்கள். "எங்களைத் தனித்தனியா சொல்லணும்" என்றான் அண்ணன்.

"உங்கம்மா தனித்தனியா கட்டில் கொண்டுபோனாங்களா? போய் நில்லுப்பா."

சிலர் உறவுப் பட்டியலில் செல்வாக்கான ஆட்களைச் சேர்க்கச் சொன்னார்கள். சேதிக்காரர் மறுத்துவிட்டார். செத்தவனுக்கே சேர்த்ததில்லை, இருப்பவனுக்கா சேர்ப்பார்?

சனிக்கிழமை அரங்கில் நாற்காலி போதவில்லை. சுவரோரம், படிக்கட்டு, வாசல் எங்கும் ஆள். வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வந்த பெண்களுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். கோஷம் இல்லை, வசவு இல்லை. ஆளாளுக்குத் தாங்கள் பிறந்த கட்டில் எது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் தலைவரின் மணியே கேட்கவில்லை.

வாக்கெடுப்பு நடந்தால் தோற்போம் என்று தலைவருக்குத் தெரிந்துவிட்டது. "இது அவசரப்பட்டு முடிவு செய்யிற விஷயமில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைப்போம்" என்றார்.

பின்வரிசையில் ஒரு முதியவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தலைவரைப் பெற்றவள்.

"டேய், பொறக்கிறப்பவே நீ இப்படித்தான். வரலாமா வேண்டாமான்னு ரெண்டு ராத்திரி யோசிச்சே. அந்த வார்டு மூஞ்சி சுளிக்காம உனக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. எனக்கு இப்போ அவ்வளவு பொறுமை இல்லை. கையைத் தூக்குடா."

அரங்கம் அதிர்ந்தது. உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கை தூக்கினார்கள். தலைவரின் கை கடைசியாக, ஆனால் நேராகவே, உயர்ந்தது. வார்டு மூடப்படாது என்று அவர் வாயாலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. கைதட்டலில் அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

வெளியே சேதிக்காரர் வண்டியில் ஏறப்போனபோது தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, ஊர்ல எல்லாரையும் சொன்னீங்க. எங்க தெருப் பக்கம் மட்டும் வண்டி வரவே இல்லையே?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். சேதிக்காரர் சிரிக்கவில்லை. தொழில் என்று வந்தபின் சிரிப்பு எதற்கு? மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, முதலில் அவருடைய தாயாரை முறைப்படி சொல்லி, பிறகு தகப்பனார், பெரியப்பா, தாய்மாமன் என்று ஒருவரையும் விடாமல் அடுக்கத் தொடங்கினார். நகர மன்றத் தலைவர் கைகட்டி நின்று, தாம் பிறந்த செய்தியை முழுவதுமாகக் கேட்டுக்கொண்டார்.