சோப்பு டப்பாவின் நெஞ்சு

அவன் நெஞ்சின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. பிறந்தபோது விரல் பதிந்த அளவு. பதினேழு வயதில் ஒரு சோப்புக் கட்டி வசதியாக உட்காரும் அளவு. அதை வைத்துப் பார்த்து உறுதி செய்தவள் அக்கா. அன்றிலிருந்து வீட்டில் அவன் பெயர் ‘சோப்பு டப்பா’. அவன் கோபித்துக்கொள்வதில்லை. நண்பர்கள் நீச்சலுக்குக் கூப்பிடும் நாளில் மட்டும் தவறாமல் தலைவலி வந்துவிடும்.

மாடிப்படி ஏறினாலே அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் அப்பா கலங்கினார். அவர் டிங்கர், இடிபட்ட கார்களின் நசுங்கல்களை நிமிர்த்துவது தொழில். கண்ட வண்டியின் பள்ளமெல்லாம் கண்ணில் படுகிறவர், சொந்தப் பிள்ளையின் பள்ளத்தை இத்தனை வருடம் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். நெஞ்செலும்பு உள்வாங்கி, இதயத்தை ஓரமாகத் தள்ளியிருந்தது.

“நெஞ்சைத் திறக்க மாட்டோம். ரெண்டு பக்க விலாவுலயும் சின்னதா வெட்டு. உள்ள ஒரு கேமரா விட்டுப் பாத்துக்கிட்டே, வளைச்ச எஃகுப் பட்டை ஒண்ண எலும்புக்கு அடியில அனுப்புவோம். அந்தப் பக்கம் வந்ததும் அப்படியே திருப்பிடுவோம். அது எலும்ப முன்னாடி தள்ளிடும்.”

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “அப்ப வெளிய இருந்து இழுக்கறதில்ல. உள்ள இருந்து தள்றது.”

“ஆமாங்க.”

“சுத்தியல்?”

“கிடையாது.”

“பட்டி பூசறது?”

அக்கா அவர் காலை மிதித்தாள். டாக்டரம்மா முகம் மாறாமல் சொன்னார்: “பட்டியும் இல்ல, பெயிண்ட்டும் இல்ல. பட்டைய மட்டும் ரெண்டு மூணு வருஷம் உள்ளயே விட்டுடுவோம். அவரோட நெஞ்சுக்கு ஏத்த மாதிரி நான்தான் வளைப்பேன்.”

கையால் தகடு வளைக்கிறவர் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு மறுபேச்சே இல்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வலிதான் அவனைப் படுத்தியெடுத்தது. தும்மினால் வலி, இருமினால் வலி, சிரித்தால் உயிரே போய்வந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒரு குழாயைக் கையில் கொடுத்திருந்தார். இழுத்து மூச்சு வாங்கினால் அதிலிருக்கும் மூன்று பந்துகளும் மேலே எழும்ப வேண்டும். இவனோ பயந்து பயந்து இழுத்தான். ஒரு பந்து லேசாக அசைந்தது. மற்ற இரண்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை.

“ஆழமா இழுக்கலன்னா நுரையீரல்ல சளி கட்டிக்கும் தம்பி.”

“நாளைக்கு இழுக்கறேன் சார்.”

இரண்டு நாளாக இதே பதில்.

அம்மா வார்டு வாசலிலேயே எச்சரித்திருந்தாள். “யாராவது அவன சிரிக்க வெச்சீங்க, அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுவேன்.” அதனால் அக்கா கட்டில் பக்கத்தில் துக்கம் விசாரிக்க வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்தே அவனுக்குச் சிரிப்பு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். அப்பாவோ கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, ஒரு கண்ணை மூடி, கார் கதவைப் பார்ப்பது போல மகனின் நெஞ்சை ஓரப்பார்வையில் அளந்துகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார், கூடவே பிசியோதெரபிஸ்ட்டும்.

“லெவல் நல்லா வந்திருக்கு டாக்டர்,” என்றார் அப்பா, மிக மரியாதையாக. “இடது பக்கம் மட்டும் ஒரு நூல் தூக்கலா தெரியுது.”

டாக்டரம்மாவும் அவர் பக்கத்தில் குனிந்தார். அவரும் ஒரு கண்ணை மூடினார்.

“அது வீக்கம். வத்திடும்.”

அவ்வளவுதான். அவனால் அடக்க முடியவில்லை. சிரித்தான், “ஐயோ” என்றான், மறுபடி சிரித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அம்மா அப்பாவை முறைத்தாள். சிரிப்பு அடங்கி அவன் ‘ஹா’வென்று காற்றை இழுத்தபோது, பிசியோதெரபிஸ்ட் பாய்ந்து வந்து குழாயை வாயில் வைத்தார்.

“இந்த மூச்சத்தான் ரெண்டு நாளா கேட்டுட்டிருக்கேன். இன்னொரு தடவ இழுங்க.”

மூன்று பந்துகளும் மேலே போய் நின்றன. வலித்தது, ஆனால் எதுவும் உடைந்துவிடவில்லை என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதன்பின் பயமில்லாமல் இழுத்தான்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தான். மூன்று மாதம் பை தூக்கவில்லை, குப்புறப் படுக்கவில்லை. நான்காம் மாதப் பரிசோதனைக்கு லிஃப்டை விட்டுவிட்டு மூன்று மாடியும் ஏறியே போனான். பின்னால் வந்த அப்பாவுக்குத்தான் மூச்சு இரைத்தது.

“எல்லாம் சரியா இருக்கு,” என்றார் டாக்டரம்மா. “வேற ஏதாவது கேக்கணுமா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான். அப்பா தொண்டையைச் செருமினார்.

“அந்தப் பட்டைய வெளிய எடுக்கறப்ப எனக்கு ஒரு தடவ காட்டுவீங்களா டாக்டர்? வளைவு எப்படி குடுத்திருக்கீங்கன்னு பாக்கணும்.”